திரும்பி வராத பணம் எவ்வளவு? 2016 பணமதிப்பிழப்பு வாதத்தைப் பிரித்துப் பார்க்கும் ஒரு நிகழ்வு ஆய்வு

அரசியல் வாதங்களைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்று பொதுவாகப் பேசுவது சுலபம். எல்லாரும் தலையாட்டுவோம். அடுத்த தேர்தல் வந்ததும் பழையபடி நமக்குப் பிடித்த கட்சிக்காரர் சொல்வதை நம்புவோம். அதனால் நம் எல்லாருக்கும் நினைவிருக்கிற, நாம் எல்லாரும் ஏதாவது ஒரு பக்கம் நின்று வாதாடிய ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு, அந்த வாதத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். அதற்கு 2016-ன் பணமதிப்பிழப்பை விடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியவில்லை. அதன் ஆவணங்கள் பல இன்று யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருக்கின்றன. அதில் எண்கள் உண்டு. வருடங்கள் ஓடிவிட்டதால் சூடும் கொஞ்சம் தணிந்திருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வாதத்தைச் சொல்பவர் யார், அவருக்கு என்ன ஆதாயம், எவ்வளவு உருக்கமாகப் பேசினார் என்பதையெல்லாம் விட ஒரே ஒரு கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. என்ன நடந்தால் இந்த வாதம் தோற்றது என்று ஒத்துக்கொள்வீர்கள்? முடிவு வருவதற்கு முன்னாலேயே இதைக் கேட்டுப் பதிலை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். முடிவு வந்தபின் கேட்டால் பதில் வேறாகிவிடும். பணமதிப்பிழப்பில் அப்படித்தான் ஆனது.

நடந்தது என்ன

2016 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை இரவு 8 மணிக்குப் பிரதமர் நரேந்திர மோடி தொலைக்காட்சியில் நாட்டு மக்களிடம் பேசினார். அன்று நள்ளிரவு முதல் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார். புழக்கத்தில் இருந்த மொத்தப் பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் அந்த இரண்டு நோட்டுகள்தான். தொகையாகச் சொன்னால் ஏறத்தாழ 15.4 லட்சம் கோடி ரூபாய். பழைய நோட்டுகளை டிசம்பர் 30 வரை வங்கிக் கணக்கில் போடலாம். கையில் மாற்றிக்கொள்ள ஆரம்பத்தில் 4000 ரூபாய்தான் வரம்பு. அது பிறகு 4500 ஆகி, 2000-ஆகக் குறைந்து, நவம்பர் 24-ம் தேதியோடு நின்றே போனது. ஒரே ஆள் திரும்பத் திரும்ப வரக் கூடாது என்று விரலில் மை வைத்தார்கள். புதிய 2000 ரூபாய் நோட்டின் அளவு வேறாக இருந்ததால், நாடு முழுக்க இருந்த சுமார் இரண்டு லட்சம் ஏடிஎம்களை ஒவ்வொன்றாகத் திருத்தி அமைக்க வேண்டியிருந்தது. அதற்கே வாரங்கள் பிடித்தன.

இந்தியா இப்படிச் செய்தது அது மூன்றாவது முறை. 1946-ல் ஒரு முறை, 1978 ஜனவரியில் ஒரு முறை பெரிய நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. 1978-ல் செல்லாமல் போனவை 1000, 5000, 10000 ரூபாய் நோட்டுகள். அன்றைக்குச் சாதாரணக் குடும்பங்களில் அவற்றைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. அதனால் '78-லும் செய்தார்களே' என்று 2016-ல் சொன்னவர்கள் ஒரு பெரிய வித்தியாசத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். 2016-ல் 500 ரூபாய் நோட்டு சித்தாள் கூலியிலும் இருந்தது, பூக்காரம்மாவின் சுருக்குப் பையிலும் இருந்தது. முன்னுதாரணம் காட்டப்படும்போது பெயர் ஒன்றாக இருப்பது போதாது, அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

திருப்பூரில் இது எப்படி இறங்கியது என்று யோசித்தால் அந்த அளவு புரியும். பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளம். தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாவற்றிலும் பெரும்பகுதி பீஸ் ரேட். கான்ட்ராக்டர் கையில் ரொக்கமாக வாங்கிப் பிரித்துக் கொடுப்பார். ஒரு வாரம் நோட்டு வரவில்லையென்றால் அந்த வாரம் சம்பளம் இல்லை, மளிகைக் கடை பாக்கி அடையாது, வீட்டு வாடகை தள்ளிப்போகும். அறிவிப்பில் இது 'தற்காலிகச் சிரமம்' என்று ஒரு வரியில் வந்தது. யாருக்கு, எத்தனை நாள், எவ்வளவு என்ற கணக்கு அந்த வரியில் இல்லை. ஒரு கொள்கையை ஆதரித்துப் பேசும்போது அதன் செலவை மட்டும் பொதுச்சொல்லில் சொல்லிப் பலனைத் துல்லியமாகச் சொன்னால், அங்கே நாம் நின்று கேட்க வேண்டும்.

வாதத்தின் எலும்புக்கூடு

உணர்ச்சியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் அன்றைய முதன்மை வாதம் நான்கு கண்ணி கொண்டது. கறுப்புப் பணத்தில் கணிசமான பகுதி 500, 1000 நோட்டுக் கட்டுகளாகப் பதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நோட்டுகள் செல்லாது என்றால், கணக்குக் காட்ட முடியாதவர் வங்கிப் பக்கம் வரமாட்டார். வராததால் அந்தப் பணம் வெற்றுக் காகிதமாகிவிடும். நேர்மையானவர்களோ சில நாள் சிரமத்தோடு தப்பிவிடுவார்கள். இதோடு கள்ள நோட்டு ஒழியும், பயங்கரவாதத்துக்குப் போகும் பணம் நிற்கும் என்ற இரண்டு கிளைகள்.

இந்தச் சங்கிலியில் முதல் கண்ணிதான் உயிர்நாடி. கறுப்புப் பணம் நோட்டாக இல்லையென்றால் மற்ற மூன்றும் தானாகவே விழுந்துவிடும். அந்த முதல் கண்ணிக்கு உரையில் ஆதாரமாக வந்தது ஒரு காட்சி: அரசு அதிகாரிகளின் கட்டிலுக்கு அடியில் கோடிக்கணக்கில் நோட்டுக்கட்டுகள், சாக்கு மூட்டைகளில் ரொக்கம். நமக்கெல்லாம் அது உடனே கண்முன் வந்தது. ரெய்டு செய்திகளில் பார்த்திருக்கிறோம், சினிமாவில் பார்த்திருக்கிறோம். காட்சி பொய்யல்ல, அப்படிப் பிடிபட்டவர்கள் உண்டு. ஆனால் அப்படிச் சிலர் வைத்திருப்பதற்கும், கறுப்புப் பணத்தின் பெரும்பகுதி அப்படித்தான் இருக்கிறது என்பதற்கும் நடுவில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. அந்தக் காட்சி அவ்வளவு தெளிவாக இருந்ததால் அந்த இடைவெளி நம் கண்ணில் படவில்லை.

அந்த இடைவெளியைப் பற்றி அரசின் கையிலேயே ஓர் அறிக்கை இருந்தது. மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தலைவர் தலைமையில் அமைந்த குழு 2012-லேயே, நோட்டுகளைச் செல்லாததாக்குவது கறுப்புப் பணத்துக்குத் தீர்வாகாது என்று சொல்லியிருந்தது. பெரும்பகுதி பினாமிச் சொத்தாகவும், தங்கமாகவும், நகையாகவும் இருக்கிறது என்பதுதான் அது சொன்ன காரணம். நிலம் வாங்கி விற்ற அனுபவமுள்ள யாருக்கும் இது புதிய செய்தி இல்லை. பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை. அந்தக் 'கைப் பணம்' கட்டிலுக்கு அடியில் தூங்குவதில்லை, அடுத்த மனைக்குப் போய்விடுகிறது.

ஒரு கூட்டக் குறிப்பு

இந்த நிகழ்வில் நான் அதிக நேரம் செலவிட்டது ஒரே ஓர் ஆவணத்தில். ரிசர்வ் வங்கியின் மத்திய இயக்குநர் குழுவின் 561-வது கூட்டம் 2016 நவம்பர் 8 மாலை 5.30 மணிக்கு டெல்லியில் நடந்தது. பிரதமர் பேசுவதற்கு இரண்டரை மணி நேரம் முன்பு. அதன் குறிப்பு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக 2019-ல்தான் வெளியே வந்தது. ஒரு வாதத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது என்று சொல்வேன். நிதி அமைச்சகம் வைத்த வாதங்களும், அவற்றுக்கு இயக்குநர்கள் சொன்ன குறிப்புகளும் அடுத்தடுத்து இருக்கின்றன.

அமைச்சகத்தின் வாதங்களில் ஒன்று இப்படிப் போகிறது. 2011 முதல் 2016 வரை பொருளாதாரம் வளர்ந்தது 30 சதவீதம். அதே காலத்தில் 500 ரூபாய் நோட்டுகள் 76.38 சதவீதமும், 1000 ரூபாய் நோட்டுகள் 108.98 சதவீதமும் பெருகியிருக்கின்றன. படித்தவுடன் நமக்கு என்ன தோன்றும்? வளர்ச்சியை விட நோட்டு இவ்வளவு அதிகம் பெருகியிருக்கிறதே, மிச்சமெல்லாம் பதுக்கல்தான் என்று தோன்றும். புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வேறு இருக்கிறது. துல்லியமாக இருப்பதால் உண்மையாகவும் இருக்கும் என்று மனம் நம்பிவிடுகிறது.

இயக்குநர்கள் அங்கே ஒரு எளிய விஷயத்தைக் கவனித்தார்கள். 30 சதவீதம் என்பது விலைவாசி ஏற்றத்தைக் கழித்த வளர்ச்சி. நோட்டுப் பெருக்கமோ விலைவாசியைக் கழிக்காத கணக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. விலைவாசியையும் சேர்த்துக்கொண்டால் வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இராது, ஆகவே இந்த வாதம் பரிந்துரைக்குப் போதுமான ஆதாரம் ஆகாது என்று குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. நாமே ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த ஐந்து ஆண்டில் விலைவாசி 40 சதவீதம் ஏறியது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 100 ரூபாய்ப் பொருளாதாரம் 130 ஆகி, விலையேற்றத்தோடு 182 ஆகிறது. அதாவது 82 சதவீத உயர்வு. இப்போது 76.38-ஐப் பாருங்கள். 500 ரூபாய் நோட்டு பொருளாதாரத்தை விடக் குறைவாகவே பெருகியிருக்கிறது! 1000 ரூபாய் நோட்டு மட்டும் கொஞ்சம் முன்னால் போயிருக்கிறது. விலைவாசி ஏற ஏறச் சிறிய நோட்டிலிருந்து பெரிய நோட்டுக்கு மக்கள் மாறுவது இயல்புதான். எண்கள் ஒவ்வொன்றும் சரி. ஒப்பீடு மட்டும் தப்பு. அரசியல் மேடைகளில் வரும் புள்ளிவிவரங்களில் நான் அடிக்கடி பார்க்கும் பழுது இதுவே. எண்ணைச் சரிபார்ப்பவர்கள் கூட ஒப்பீட்டைச் சரிபார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

கள்ள நோட்டு வாதத்துக்கு வருவோம். புழக்கத்தில் சுமார் 400 கோடி ரூபாய்க்குக் கள்ள நோட்டு இருப்பதாக ஒரு மதிப்பீடு இருந்தது. 400 கோடி என்று கேட்டால் நமக்குத் தலை சுற்றும். புழக்கத்தில் இருந்த மொத்தப் பணம் 17 லட்சம் கோடிக்கு மேல். வகுத்துப் பார்த்தால் நூறு ரூபாய்க்கு இரண்டு பைசா சொச்சம். கள்ள நோட்டு எங்கே இருந்தாலும் கவலைக்குரியதுதான், ஆனால் மொத்தப் பணத்தோடு பார்க்கையில் இது பெரிய அளவில்லை என்று இயக்குநர்கள் சொன்னார்கள். கறுப்புப் பணத்தைப் பற்றியும், பெரும்பகுதி ரொக்கமாக இல்லை, தங்கமாகவும் நிலம் கட்டடமாகவும் இருக்கிறது, எனவே இந்த நடவடிக்கை அதில் பெரிய பாதிப்பை உண்டாக்காது என்று குறித்தார்கள். அந்த ஆண்டின் வளர்ச்சியில் குறுகிய காலத்துக்கு எதிர்மறை விளைவு இருக்கும் என்றும் குறித்தார்கள்.

இத்தனையும் எழுதிவிட்டு, பொதுநலன் கருதிப் பரிந்துரைக்கு ஒப்புதல் கொடுத்தார்கள்.

இதை நான் எளிதில் கடந்துபோக முடியவில்லை. முதன்மையான காரணங்கள் ஒவ்வொன்றையும் பலவீனம் என்று கண்டுபிடித்த பிறகும் முடிவை மட்டும் ஏற்றுக்கொள்வது எப்படிச் சாத்தியம்? இது அவர்களுக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. கறுப்புப் பணம் ஒழிய வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. நோக்கம் நல்லதாக இருக்கும்போது வழியைக் கேள்வி கேட்பதே நோக்கத்தை எதிர்ப்பது போலத் தோன்றிவிடுகிறது. அந்த ஐம்பது நாளும் தெருவில் நடந்தது அதுதான். 'எதிர்க்கிறாயா? அப்படியென்றால் உன்னிடம் என்ன இருக்கிறது?' என்ற ஒரு கேள்வியால் எத்தனையோ பேரின் வாய் அடைக்கப்பட்டது. 'எல்லையில் ராணுவ வீரன் நாள் முழுக்க நிற்கிறான், உன்னால் வரிசையில் நிற்க முடியாதா?' என்ற வாட்ஸப் செய்தி வீட்டுக்கு வீடு போனது. வீரர்கள் மீது நமக்கு உள்ள மரியாதை உண்மையானது. அந்த மரியாதையை எடுத்து, ஏடிஎம் வரிசை தேவைதானா என்ற கேள்வியின் மேல் போர்த்திவிட்டார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

சோதிக்கக்கூடிய ஒரு எண்

அரசியல் வாதங்களில் சோதித்துப் பார்க்கக்கூடிய எண் கிடைப்பது அரிது. இதில் கிடைத்தது. 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் அன்றைய அட்டர்னி ஜெனரல் முகுல் ரோத்தகி, 10 முதல் 11 லட்சம் கோடி ரூபாய் வங்கிகளுக்குத் திரும்பும், மீதி 4 முதல் 5 லட்சம் கோடி செயலிழந்துபோகும் என்ற எதிர்பார்ப்பைச் சொன்னார். பாராட்டப்பட வேண்டிய தெளிவு இது. தோற்கக்கூடிய ஒரு கணிப்பைப் பொதுவில் வைத்ததால்தான் நம்மால் இன்று வாதத்தைச் சோதிக்க முடிகிறது.

முடிவு 2017 ஆகஸ்டில் வந்தது. ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கையின்படி 99 சதவீதம் நோட்டுகள் திரும்பிவிட்டன. 2018 ஆகஸ்டில் எண்ணிக்கை முழுமையடைந்தபோது 15.41 லட்சம் கோடியில் 15.31 லட்சம் கோடி, அதாவது 99.3 சதவீதம் வந்து சேர்ந்திருந்தது. திரும்பாதது சுமார் 10,000 கோடி. எதிர்பார்த்த 4 லட்சம் கோடியில் அது நாற்பதில் ஒரு பங்கு.

அப்படியானால் வாதத்தின் இரண்டாம் கண்ணி அறுந்தது. கணக்குக் காட்ட முடியாதவர் வங்கிக்கு வரமாட்டார் என்று நினைத்தார்கள். அவர் வரவில்லை, அவர் பணம் வந்தது. கமிஷனுக்கு மாற்றிக் கொடுத்தவர்கள், கூலியாட்களின் கணக்கில் போடச் சொன்னவர்கள், ஊழியருக்குப் பல மாதச் சம்பளத்தை முன்கூட்டியே பழைய நோட்டில் கொடுத்த முதலாளிகள் என்று வழிகள் முளைத்தன. டிசம்பரிலேயே சென்னையிலும் வேலூரிலும் நடந்த வருமான வரிச் சோதனைகளில் கோடிக்கணக்கில் புத்தம் புதிய 2000 ரூபாய் நோட்டுகள் சிக்கின. பொதுமக்கள் வரிசையில் நின்று ஒரே ஒரு 2000 நோட்டு வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. மனிதர்கள் புதிய விதிக்கு ஏற்பத் தங்கள் நடத்தையை மாற்றிக்கொள்வார்கள் என்பதை அந்த வாதம் கணக்கில் எடுக்கவே இல்லை.

கோல் கம்பம் நகர்ந்தது

இனி வருவதுதான் இந்த ஆய்வின் மையம். 99 சதவீதம் திரும்பியது என்று தெரிந்ததும், பணத்தைப் பறிமுதல் செய்வது நோக்கமே இல்லை என்று நிதி அமைச்சர் அருண் ஜேட்லி விளக்கினார். பணத்தை முறையான பொருளாதாரத்துக்குள் கொண்டுவருவதும், வைத்திருந்தவர்களை வரி கட்ட வைப்பதும்தான் பரந்த நோக்கம் என்றார். அதற்கு முன்பே 2017 சுதந்திர தின உரையில், வங்கிக்கு வெளியே கிடந்த மூன்று லட்சம் கோடி ரூபாய் உள்ளே வந்துவிட்டது என்று பிரதமர் வெற்றியாகச் சொல்லியிருந்தார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நவம்பர் 2016-ல் பணம் திரும்பி வராமல் இருந்தால் வெற்றி. ஆகஸ்ட் 2017-ல் பணம் திரும்பி வந்தால் வெற்றி. எது நடந்தாலும் வெல்லும் வாதத்தை நாம் பலம் வாய்ந்தது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது எதையும் சொல்லவில்லை. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் பலித்துவிடும் ஜோசியம் போன்றது அது.

ரொக்கமில்லாப் பரிவர்த்தனையும் இப்படிப் பின்னால் வந்து சேர்ந்ததுதான். நவம்பர் 8 உரையில் செக், கார்டு, மின்னணுப் பரிமாற்றத்துக்குத் தடையில்லை என்ற அறிவிப்பு இருந்தது, அவ்வளவுதான். மாதக் கடைசியில்தான் அது பெரிய இலக்காக மேலே வந்தது. பின்னால் சேர்ந்த காரணம் என்பதற்காக அது பொய்யாகிவிடாது. அதையும் நேர்மையாகச் சோதிக்க வேண்டும். யுபிஐ 2016 ஏப்ரலிலேயே அறிமுகமாகிவிட்டது. பணமதிப்பிழப்பு அதற்கு ஓர் உந்துதல் கொடுத்தது என்பதை நான் ஏற்கிறேன். டீக்கடையில் கியூஆர் அட்டை தொங்குவதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ரொக்கம் குறைந்ததா? நாட்டின் மொத்த உற்பத்தியில் ரொக்கத்தின் பங்கு அறிவிப்புக்கு முன் 12 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2017 மார்ச்சில் 9 சதவீதத்துக்கும் கீழே போனது, பிறகு ஏறி 2021 மார்ச்சில் 14 சதவீதத்தைத் தாண்டியது. கடைசி ஏற்றத்துக்குக் கொரோனாவும் ஒரு காரணம். போன் வழியே பணம் அனுப்புவதும் பெருகியது, கையில் நோட்டு வைத்திருப்பதும் பெருகியது.

வரி விஷயத்தில் ஆதரவாளர்களிடம் ஒரு நல்ல எண் இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 5 வரை வந்த வருமான வரிக் கணக்குகள் 2.82 கோடி, முந்தைய ஆண்டு இதே சமயத்தில் 2.26 கோடி. கிட்டத்தட்ட 25 சதவீத உயர்வு. இதை ஒதுக்கித் தள்ளுவது நேர்மையில்லை. எதிர்ப்பாளர்கள் இதை வாயே திறக்காமல் கடந்துபோவதைப் பார்த்து எனக்கு வருத்தம் உண்டு. அதே சமயம் வரிக் கணக்குகள் அதற்கு முன்பும் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டுதான் இருந்தன. வழக்கமான ஏற்றத்துக்கு மேல் எவ்வளவு, அதை வேறு வழியில், இவ்வளவு வலியில்லாமல் பெற்றிருக்க முடியாதா என்ற கேள்விகளோடுதான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்தையும் அதே தராசில்

ஒரு பக்க வாதத்தை மட்டும் பிரித்துப் போட்டால் அது ஆய்வாகாது. எதிர்த்தவர்களின் மிக முக்கியமான கணிப்பு, 2016 நவம்பர் 24 அன்று மாநிலங்களவையில் மன்மோகன் சிங் சொன்னது. நாட்டின் உற்பத்தி வளர்ச்சி சுமார் 2 சதவீதப் புள்ளி குறையும் என்றார். இதுவும் சோதிக்கக்கூடிய எண்தான். அரசின் திருத்தப்பட்ட கணக்கில் 2016-17 ஆண்டு வளர்ச்சி 8 சதவீதத்துக்கு மேல் போயிருக்கிறது. அதை வைத்து அவர் சொன்னது தப்பு என்று ஆதரவாளர்கள் முடித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு 7-க்கும் கீழே இறங்கியதை வைத்து அவர் சொன்னது பலித்தது என்று எதிர்ப்பாளர்கள் முடித்தார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததை இவர்கள் சௌகரியமாக மறந்தார்கள். திருப்பூர் கான்ட்ராக்டர் போன்றவர்களின் கணக்கு பெரிய கம்பெனிகளின் கணக்கை வைத்துத்தான் ஊகிக்கப்படுகிறது என்பதை ஆதரவாளர்கள் கவனிக்கவில்லை.

கீதா கோபிநாத் உள்ளிட்ட நான்கு பொருளியலாளர்கள் வேறு வழியில் போனார்கள். எந்த மாவட்டத்துக்குப் புதிய நோட்டு குறைவாகப் போனது என்று பார்த்து, அங்கே இரவு நேர விளக்கொளி செயற்கைக்கோள் படத்தில் எவ்வளவு மங்கியது என்று ஒப்பிட்டார்கள். 2016-ன் கடைசிக் காலாண்டில் வளர்ச்சி குறைந்தது 2 சதவீதப் புள்ளியாவது அடிபட்டிருக்கும், ஆனால் அந்தப் பாதிப்பு சில மாதங்களில் தணிந்தது என்பது அவர்கள் முடிவு. 'பொருளாதாரமே நாசமாகிவிட்டது' என்று இன்றும் பேசுபவர்களுக்கும், 'ஒன்றுமே ஆகவில்லை' என்பவர்களுக்கும் இது பிடிக்காத முடிவு. எனக்கு இது நம்பத்தக்கதாகப் படுகிறது. காரணம், நோட்டு கிடைத்த இடத்தையும் கிடைக்காத இடத்தையும் ஒரே காலத்தில் வைத்து ஒப்பிட்டிருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்தின் பலவீனமான வாதம், உத்தரப் பிரதேசத் தேர்தலுக்காகச் செய்தார்கள் என்பது. இருக்கலாம். ஆனால் நோக்கம் எதுவாக இருந்தாலும் நோட்டு திரும்புமா திரும்பாதா என்ற கேள்விக்கு அது பதிலாகாது. இதன் மறுபக்கமும் உண்டு. 2017 மார்ச்சில் அங்கே 403 தொகுதியில் 312-ஐ பாஜக வென்றதும், மக்களே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள் என்றார்கள். மக்கள் ஆதரித்தார்கள் என்பது உண்மை, அதை மதிக்க வேண்டும். பணம் திரும்பிய கணக்கு ஓட்டு எண்ணிக்கையால் மாறாது.

2023 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் பணமதிப்பிழப்பு செல்லும் என்றது. நீதிபதி பி.வி. நாகரத்னா மட்டும் மாறுபட்டார். தீர்ப்பு வந்த அன்றே 'பணமதிப்பிழப்பு சரி என்று கோர்ட்டே சொல்லிவிட்டது' என்று பலர் பகிர்ந்தார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பு பார்த்தது முடிவெடுத்த முறை சட்டப்படி சரியா என்பதை. நோக்கம் நிறைவேறியதா என்பது தங்கள் முன் உள்ள கேள்விக்குப் பொருத்தமில்லாதது என்று அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு கேள்விக்குக் கிடைத்த பதிலை இன்னொரு கேள்விக்குப் பதிலாகக் காட்டுவது எல்லாக் கட்சியிலும் உண்டு.

சிப் வதந்தி ஏன் பரவியது

புதிய 2000 ரூபாய் நோட்டில் நானோ ஜிபிஎஸ் சிப் இருக்கிறது, பூமிக்கு அடியில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்று ஒரு வதந்தி காட்டுத்தீயாகப் பரவியது. நம்பியவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் அதிகம். எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடில்லை. அந்த வதந்தி முளைத்த இடத்தைப் பார்க்க வேண்டும். பெரிய நோட்டுதான் பதுக்கலுக்கு வசதி என்றால், 1000-ஐ எடுத்துவிட்டு 2000-ஐ ஏன் அச்சடிக்கிறார்கள்? சாதாரண மனிதர்கள் அத்தனை பேருக்கும் இந்தக் கேள்வி வந்தது. அரசின் வாதத்தில் இதற்கு நேரான பதில் இல்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் சிப் வந்தது. மக்கள் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். பதில் இல்லாத இடத்தில் யாரோ ஒரு பதிலைச் செய்து கொடுத்தார்கள். வதந்தி ஒன்றை எதிர்கொள்ளும்போது 'இது எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது?' என்று தேடினால், மூல வாதம் எங்கே பலவீனம் என்று அதுவே காட்டிக்கொடுக்கும். மாணவர்களோடு இதைப் பேசும்போது, சிப் பொய் என்று நிரூபிப்பதில் நான் நேரம் செலவிடுவதில்லை. 2000 நோட்டு ஏன் வந்தது என்ற கேள்வியையே திரும்பக் கேட்கச் சொல்கிறேன். பழைய பணத்தை எடுத்த வேகத்தில் புதிய பணத்தை நிரப்பப் பெரிய நோட்டு தேவைப்பட்டது என்பதுதான் அதற்கு உள்ள உண்மையான பதில். பதுக்கலைத் தடுக்கும் நோக்கத்துக்கும் அந்த அவசரத்துக்கும் இருந்த முரண் அப்போது அவர்களுக்கே புலப்படும்.

அந்த 2000 ரூபாய் நோட்டை 2023 மே 19-ம் தேதி ரிசர்வ் வங்கி திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அந்த நோட்டு வந்த நோக்கம் நிறைவேறிவிட்டது, இனி தேவையில்லை என்பது வங்கி சொன்ன காரணம். ஆனால் உடனே பழைய வாதம் மறுபடி எழுந்தது, கறுப்புப் பணக்காரர்களுக்கு இது அடுத்த அடி என்று. இந்த முறை நண்பர்கள் சிலரிடம் நான் முன்கூட்டியே கேட்டேன்: எவ்வளவு திரும்பாமல் போகும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு எண் சொல்லுங்கள். ஒருவர் கால்வாசி என்றார், ஒருவர் பாதி என்றார், பெரும்பாலானோர் எண் சொல்ல விரும்பவில்லை. அறிவிப்பு நாளில் புழக்கத்தில் இருந்தது 3.56 லட்சம் கோடி. செப்டம்பர் 30-க்குள் 3.42 லட்சம் கோடி, அதாவது 96 சதவீதம் வங்கிக்கு வந்துவிட்டது. எண் சொன்ன இருவரோடும் அப்புறம் நல்ல உரையாடல் நடந்தது. கறுப்புப் பணம் எங்கே இருக்கிறது, பத்திரப் பதிவில் வழிகாட்டி மதிப்புக்கும் சந்தை மதிப்புக்கும் உள்ள தூரத்தை எப்படிக் குறைப்பது, பினாமிச் சட்டம் ஏன் பல்லில்லாமல் இருக்கிறது என்று பேசினோம். எண் சொல்லாதவர்களோடு பேச்சு இன்னும் 2016-லேயே நிற்கிறது.